சும்மா நடக்கப் போனவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரி. மாடியில் குளிரூட்டிய அறை. புரோஸ்டேட் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, பிழைத்துக்கொண்ட ஆண்களை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் நாங்கள் சில பேர். எல்லோரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். இந்த நோய் வந்தவனுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம் காதில் விழும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண், சிரித்த முகம், எங்களைப் பார்த்துக் கேட்டாள். "அங்கிள், தினமும் நடந்தா நல்லதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நடக்கறவங்க எதனால நடக்கறீங்க? நடக்காதவங்க எதனால நடக்க மாட்டேங்கறீங்க?"

முட்டிவலி என்றார் ஒருவர். மழை என்றார் இன்னொருவர். செங் என்ற ஊரிலிருந்து வந்திருந்த சீனர் நாய் என்றார். அவர் குடியிருக்கும் தாமானில், அந்த வீட்டு வரிசைகளில், நாய்த் தொல்லையாம். என் முறை வந்தபோது, "யோசிச்சுச் சொல்றேன்லா" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போய்விட்டாள்.

உண்மையாகவே யோசித்தேன். பதில் வரவில்லை. ராமையா வந்தார்.

(அப்படி ஒருவர் இருந்தாரா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த சிலரின் உடம்பையும் ஒருவருடைய பிடிவாதத்தையும் சேர்த்து அவரைச் செய்திருக்கிறேன். அந்த உடம்புகளில் ஒன்று என்னுடையது.)

2

முதல் தொடக்கம்:

"விடிந்ததும் ராமையா நடக்கக் கிளம்பினார்."

அடித்துவிட்டேன். இன்றைக்கு விடிந்தால் யார்தான் நடக்கக் கிளம்பவில்லை? ஏரிக்கரைப் பூங்கா, விலை கூடிய சப்பாத்து, கையில் தண்ணீர் புட்டி. அது விளம்பரமாகத்தான் முடியும்.

இரண்டாவது:

"ராமையாவின் கால்கள் ஒரு காலத்தில்—"

கால்களை வைத்துக்கொண்டு உருகப்போகிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினேன்.

மூன்றாவது:

"அப்போது எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் ஆண்ட மலாயா. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் ரப்பர் மரமும் நம் சனமும். தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்கு இழுத்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். பொழுது சாய்ந்தால் கர்ஃபியூ. காலையில் கேட் திறக்கும்போது வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அரிசி போகக் கூடாது. கருவாடு போகக் கூடாது. மருந்து போகவே கூடாது. எல்லாம் காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம்.

இன்றைக்கு நடக்காமல் இருப்பதற்கு நாம் காரணம் தேடுகிறோம். அன்றைக்கு நடப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. என் ராமையாவுக்கு அந்தக் காலம்தான் சரி என்று பட்டது.

3

மலாக்காவில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ராமையா அங்கே லோரி டிரைவர். புகைபோட்ட ரப்பர் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போய் இறக்கிவிட்டு வருவார். பட்டாளத்து வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். நடுவழியில் நிறுத்தக் கூடாது. பயம் இருந்தது. பெருமையும் இருந்தது. தோட்டத்தில் கூலிக்காரன் நடப்பான், கங்காணி சைக்கிளில் போவார், துரை காரில் போவார். ராமையா லோரியில் போவார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டிருந்தது. ரப்பர் சீட்டு போடுகிற ஸ்டோருக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த அந்தத் துண்டு ரோட்டைக்கூட அவர் நடந்து கடந்ததை யாரும் பார்த்ததில்லை.

முதலில் ஒன்றுக்கு வர மறுத்தது. பிறகு வரும்போது எரிந்தது. பட்டாளத்து வரிசைக்கு நடுவில் லோரியை நிறுத்த முடியாமல் ஸ்டியரிங்கைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஒருநாள் அடைத்தே போயிற்று. வயிறு கல்லாகி, காய்ச்சல் ஏறி, தன் லோரியிலேயே பின்னால் படுக்கப்போட்டு வேறொருவர் ஓட்ட, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் தெளிந்து கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புரோஸ்டேட் என்று உடம்புக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் புற்றுநோய், அதற்குத் தீனி போடுவது விதைகள், ஆகவே விதைகளை எடுத்துவிட்டோம், இனி தினமும் இந்த வெள்ளை மாத்திரை. டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை மிஸ்ஸி தமிழில் சொன்னாள். ஆஸ்பத்திரி நர்ஸை அப்படித்தான் எங்கள் ஊரில் கூப்பிடுவோம். சொல்லும்போது அவள் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி கமலவேணி வார்டுக்குள் வந்தபோது ராமையா முந்திக்கொண்டார்.

"கல்லு இருந்துச்சாம். எடுத்துட்டாங்க."

"அப்படியா" என்றாள் அவள். "கஞ்சி குடிக்கறீங்களா?"

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அதே மிஸ்ஸி சொன்னாள். "படுத்தே கிடக்காதீங்க, ஐயா. இந்த மாத்திரை சாப்பிட்டா உடம்பு தளர்ந்து போகும். தினமும் நடங்க. கொஞ்சமாச்சும் நடங்க."

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் புற்றுநோய்க்காரனை நடக்கச் சொல்லியிருப்பார்களா? ஓய்வெடு என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு பழைய டாக்டர். ஆகவே டாக்டர் வாயில் வைத்திருந்த இந்த வாக்கியத்தைப் பிடுங்கி மிஸ்ஸியிடம் கொடுத்தேன். படுத்த படுக்கையாகப் போனவர்களைத் தினமும் புரட்டிப்போட்டவள் அவள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.)

4

லோரி வேறு ஆளுக்குப் போய்விட்டது. அடிக்கடி நிறுத்த வேண்டிய டிரைவரைப் பட்டாளத்து வரிசையில் யார் விடுவார்கள்? ராமையாவுக்கு ஸ்டோரில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள், மத்தியானத்துக்கு மேல் மட்டும். காலைப் பொழுது முழுக்கச் சும்மா கிடந்தது.

உடம்பு வேறு யாருடையதோ போல இருந்தது. குளிர்ந்த காலையிலும் திடீரென்று கழுத்திலிருந்து அனல் கிளம்பி முகமெல்லாம் வியர்க்கும். இருமினால் கசியும். துணியை மடித்து வைத்துக்கொண்டார். அதைத் தானே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, லயத்துத் தண்ணீர்க்குழாயான பீலிக்குப் போய்க் கசக்கினார். மார்பு மெல்ல வீங்க ஆரம்பித்தது. வீட்டில் வெற்றுடம்போடு இருக்கிற மனிதர், சட்டையைக் கழற்றுவதே இல்லை. படுக்கையை முன்னறைப் பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டார்.

"தையல் போட்ட இடம் வலிக்குது. கட்டில் ஆடுது" என்றார்.

"சரி" என்றாள் கமலவேணி. பெஞ்சில் பழைய கம்பளியை மடித்துப் போட்டாள்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர். நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவள் புரளும்போது கட்டில் சத்தம் கேட்கும். கல் எடுத்த கதையை அவர் விடவில்லை. கல் எவ்வளவு பெரிசு என்று கேட்டவர்களுக்குக் கட்டைவிரல் நுனியைக் காட்டினார்.

பிறகு ஒருநாள் பீலியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் தொடை நடுங்கி, நடுவழியில் குந்திவிட்டார். மிஸ்ஸி சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வேலிக்குள்ளேயே நடந்து பார்த்தார். கம்பியை ஒட்டி ஒரு சுற்று. ஒவ்வொரு வாசலிலும் யாராவது இருந்தார்கள்.

"என்ன டிரைவரே, லோரி எங்க?"

"கேட்டு தொறந்துதான் இருக்கு, ஏன் கம்பியோரமா போறீங்க? ஓட்டை தேடறீங்களா?"

சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரித்ததில் கசிந்துவிட்டது. துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், வேலிக்குள் அதற்கப்புறம் நடக்கவில்லை.

வெளியேதான் போக வேண்டும். வெளியே ரப்பர் மரங்கள் இருந்தன. துணி மாற்றிக்கொள்ள ஒரு மரத்தின் மறைவு போதும். ஆனால் கேட்டில் காளிதாஸ் இருந்தான். நேற்றுவரை புல் வெட்டிக்கொண்டிருந்து, போலீஸில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, துப்பாக்கி வாங்கிக்கொண்டவன்.

"எங்க போறீங்கண்ணே?"

"சும்மா நடக்கப் போறேன்."

"சும்மாவா?" காளிதாஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "சும்மா யாரு நடப்பா? எழுதி வைக்கணும்லா. ஏதாச்சும் சொல்லுங்க."

ராமையா யோசித்தார். "கீரை பறிக்க."

5

கதையின் நல்ல பகுதி இது. மெதுவாக எழுதுகிறேன்.

ஓடையோரத்தில் நுனி சுருண்ட ஒரு கீரை முளைக்கும். மலாய்க்காரர்கள் பாக்கு என்பார்கள், நம் வெற்றிலைப் பாக்கு இல்லை. ராமையா தினமும் காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள் எல்லாம் போன பிறகு கேட்டுக்கு வருவார், இரண்டு கையையும் தூக்குவார், காளிதாஸ் இடுப்பில் பட்டும்படாமல் தட்டுவான், போவார். செம்மண் ரோடு மெல்ல ஏறி இறங்கும். லோரியில் போகும்போது இந்த ஏற்றத்தில் கியர் மாற்றுவார். இப்போது மூச்சை மாற்றிக்கொண்டார். இருபது வருஷமாக ஓட்டிய ரோட்டின் ஓரத்தில் ஒரு பழைய சீனக் கல்லறை இருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

பயந்தார். மரங்களுக்கு நடுவில் எதுவோ அசைந்தால் நின்றுவிடுவார். காட்டுக்காரன் கண்டால் போலீஸ் ஆள் என்பான். பட்டாளத்தான் கண்டால் காட்டுக்காரனுக்கு ஆள் என்பான். ஆனாலும் போனார். அந்த ரோட்டில் அவரை டிரைவர் என்று கூப்பிட யாரும் இல்லை, கல் எவ்வளவு பெரிசு என்று கேட்கவும் யாரும் இல்லை. தனியாக இருந்தார், வீட்டிலும் தனியாகத்தான் இருந்தார். ரோட்டில் இருந்த தனிமைக்குக் காற்று வந்தது.

திரும்பும்போது ஒரு கட்டுக் கீரை. பால்வெட்டு முடிந்து வரும் கமலவேணி அதை வாங்கிச் சமைப்பாள். கீரைக் குழம்பு, கீரைப் பொரியல், தேங்காய்ப்பால் ஊற்றிய கீரை. தொடையில் கொஞ்சம் சதை திரும்பி வந்தது. ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் வீடுவரை வந்தார். கமலவேணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்ததும் உள்ளே போய்விட்டாள்.

(ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தப் பெண்ணிடம் சொல்வதானால் இவ்வளவையும் சொல்ல வேண்டும். ஒரு மிஸ்ஸியின் பேச்சு, பீலியில் வந்த நடுக்கம், மரத்தின் மறைவு, ஒரு பொய்க் காரணம், ஒரு கீரை. நடக்க வைத்தது வெட்கம். நடக்க விடாததும் அதே வெட்கம். இதை எந்தப் பக்கம் எழுதிக்கொள்வாள்?)

கதையை இங்கே முடித்துவிடலாமா என்று ஒரு ஆசை வந்தது. ஒருவர் நோயிலிருந்து பிழைத்தார், நடந்தார், தேறினார். ஆனால் ராமையாவின் மடியில் ஒரு புட்டி இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்று ஆகிவிடும்.

6

வெள்ளை மாத்திரைகளை அவர் வீட்டில் வைப்பதில்லை. கமலவேணி எடுத்து யாரிடமாவது காட்டினால்? புட்டியில் ஆஸ்பத்திரி ஒட்டியிருந்த தாளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டார். வேட்டி மடிப்பில் சுருட்டி, எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனார். காளிதாஸின் கை அதைத் தொட்டிருக்கும். ஒருமுறைகூட அவன் கேட்டதில்லை.

அன்று கேட்டில் காளிதாஸோடு ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி நின்றார். முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்தில் காட்டுக்காரர்கள் ஒருவரைச் சுட்டிருந்தார்கள். அதனால் கேட்டைத் திறக்கவே நேரமாகியிருந்தது. பால்வெட்டுக்காரர்கள் வாளியோடு வரிசையாக நின்றார்கள். பெண்கள் வரிசையைப் பெத்தம்மாள் என்ற சோதனைக்காரி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராமையா கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பியிருக்கலாம். திரும்பினால் சந்தேகம் வரும் என்று ஆண்கள் வரிசையில் போய் நின்றார்.

அதிகாரியே தடவினார். புட்டி வெளியே வந்தது.

இது என்ன என்று மலாயில் கேட்டார். ராமையா வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி மூடியைத் திறந்தார், முகர்ந்தார், பேர் இல்லாத புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வரிசை முழுதும் பார்த்தது.

காளிதாஸ் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, காட்டுக்கு மருந்து கொண்டுபோறீங்கன்னு நினைக்கறாரு. என்ன மருந்துன்னு சொல்லிடுங்க. சொன்னா விட்டுடுவாரு."

"தலைவலி மாத்திரை."

"இத்தனையுமா?"

ராமையா தரையைப் பார்த்தார். மருந்து கொண்டுபோனதாகப் பிடிபட்டவர்கள் விசாரணையே இல்லாமல் முகாமில் கிடந்ததை அவர் கேட்டிருக்கிறார். இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார். எதற்காகக் கீரை பறிக்கத் தினமும் அவ்வளவு தூரம் போகிறாய் என்று அடுத்த கேள்வி வந்தது.

இந்த இடத்தில் நான் வெகுநாள் நின்றுவிட்டேன். முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

"ராமையா நிமிர்ந்தார். 'எனக்குப் புற்றுநோய். விதையை எடுத்துட்டாங்க. அதுக்குத்தான் இந்த மாத்திரை' என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்."

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குளிரூட்டிய அறையில், எனக்கு வந்த அதே நோய் வந்தவர்கள் நடுவில், துப்பாக்கி இல்லாத ஒரு பெண் சிரித்த முகத்தோடு கேட்டபோதே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ராமையாவுக்கு மட்டும் அந்தத் தைரியத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ராமையா சொல்லவில்லை. அதிகாரி கைவிலங்கை எடுத்தார்.

பெண்கள் வரிசையில் ஒரு வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அவரைக் கேக்காதீங்க" என்றாள் கமலவேணி. "என்னைக் கேளுங்க."

அவள் காளிதாஸின் பக்கத்தில் வந்து நின்று, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இரண்டு வரி சொன்னாள். காளிதாஸின் முகம் மாறியது. அவன் வரிசையைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் மலாயில், இவர் சீக்காளி, இது ஆஸ்பத்திரி கொடுத்த மருந்து என்றான். என்ன சீக்கு என்று அதிகாரி கேட்டார். காளிதாஸ் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, குனிந்து, அவர் காதில் சொன்னான்.

அதிகாரியின் கண் ராமையாவின் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. இறங்கி, இடுப்புக்குக் கீழே ஒரு நொடி நின்றது. தோட்டத்து மருந்துக்கடையிலிருந்து, கம்பவுண்டர் வேலை பார்க்கும் டிரெசரை வரவழைத்துக் கேட்டார். டிரெசர் மாத்திரையைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொல்லித் தலையாட்டினார். அதிகாரி புட்டியை மூடி, ராமையாவின் கையில் வைத்து, தொப்பியின் நுனியை லேசாகத் தொட்டார்.

கைவிலங்கே மேல் என்று இருந்தது ராமையாவுக்கு.

7

அன்று சாயங்காலம். கர்ஃபியூ மணி அடித்தாயிற்று. கமலவேணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ராமையா பெஞ்சில்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"அதான்."

"உங்களுக்கு முந்தியே தெரியும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"காய்ச்சல்ல நீங்க பேத்திக்கிட்டுக் கிடந்தீங்க" என்றாள். கை நிற்கவில்லை. "டாக்டர் வந்தாரு. எடுக்கலன்னா ஆள் இருக்க மாட்டாருன்னு மிஸ்ஸி சொன்னா. கைநாட்டு வைக்கச் சொன்னா. வச்சேன்."

"என்னைக் கேக்காம."

"கேட்டேன். லோரிக்கு டயர் மாத்தணும்னு சொன்னீங்க."

வெளியே எங்கோ ஒரு குழந்தையை அதட்டுகிற குரல் கேட்டது.

"ஏன் சொல்லல?"

"நீங்க கண்ணு முழிச்சதும் கல்லுன்னு சொன்னீங்க. சரி, கல்லாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவரா சொல்லட்டும்னு இருந்தேன்." தண்ணீரை வடித்தாள். "எனக்கு அந்தக் கீரை பிடிக்காது. கொழகொழன்னு இருக்கும். தினமும் சமைச்சேன்."

"பிடிக்காட்டி எதுக்குச் சமைச்சே?"

"நீங்க நடக்கணும்ல."

ராமையா அழுதார், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள் என்று எழுதலாம். நீங்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். ஆனால் அவருக்கு வந்தது கோபம். ஆஸ்பத்திரியில் அவரைக் கேட்காமல் உடம்பை வெட்டினார்கள். இப்போது அந்த ரோடும் போயிற்று. தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்த ஒன்றை, பிடிக்காத கீரையைத் தின்றுகொண்டு, பின்னாலிருந்து ஒருத்தி நடத்தியிருக்கிறாள். அவளுடைய கைநாட்டில் உயிர் வாழ்கிறோம் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

அவளுக்கும் ஒரு கோபம் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. நான் அவள் பக்கம் போய் நின்று பார்த்தேன். விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டுப் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு அவள் எதையும் காட்டவில்லை.

8

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

அதிகாரியின் கண் போன இடத்தை வரிசை முழுதும் பார்த்திருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. கல் எவ்வளவு பெரிசு என்று கேட்டவர்கள் இப்போது அவரைக் கண்டால் பேச்சை மெதுவாக்கினார்கள். காளிதாஸ் ஒருநாள் வாசலுக்கே வந்தான். "வாங்கண்ணே, சும்மா ஒரு நடை போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் எழுத மாட்டேன், தடவிப் பார்க்க மாட்டேன்" என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். தடவிப் பார்க்கக்கூடத் தகுதியில்லாதவனாகிவிட்டேன் என்று ராமையாவுக்குப் பட்டது. "கால் வலிக்குது தம்பி" என்றார்.

கால் சீக்கிரமே உண்மையாகவே வலித்தது. திரும்பி வந்த சதை மறுபடி கரைந்தது. ஸ்டோருக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கமலவேணி ஒருநாள் பொறுக்க முடியாமல், "எம்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. உங்க காலை ஏன் திட்டறீங்க?" என்று கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் மலாக்காவின் சில பகுதிகளை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். காட்டுக்காரர்கள் தொல்லை தீர்ந்த இடம், இனி கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தம். (என் தோட்டமும் அதற்குள் வந்ததாக வைத்துக்கொள்கிறேன். வரைபடத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.) கேட்டின் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தார்கள். பெத்தம்மாள் பழையபடி பால்வெட்டப் போனாள். காளிதாஸை மஸ்ஜித் தானா பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது வந்து சொல்லிக்கொண்டு போனான்.

இனி யாரும் தடுக்கவில்லை. எந்த நேரமும் போகலாம், எவ்வளவு தூரமும் போகலாம். எங்கே போகிறாய் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ராமையா வாசலில் உட்கார்ந்து அந்தத் திறந்த கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்கள் போயின.

9

எனக்கு முடிவு தெரியவில்லை. எழுதிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

ஒன்று. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குப் பிடித்த முடிவு. மனைவி துணைக்கு வருகிறாள், கணவர் தினமும் நடக்கிறார், மூச்சு சீராகிறது. பொய் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அப்படி நடந்திருக்கிறது. எனக்குத் துணைக்கு வர இப்போது ஆள் இல்லை. அதனால்கூட நான் இதை நம்ப மறுக்கலாம்.

இரண்டு. ராமையா பெஞ்சிலேயே—

(வேண்டாம்.)

மூன்று. இதை நான் யோசித்து எழுதவில்லை. அதுவாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். மழை பெய்து விட்டிருந்தது. ராமையா எழுந்து, சட்டையை மாட்டி, துண்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். ஏன் போனார்? தெரியவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், தீரவில்லை. கீரை பறிக்கவும் போகவில்லை. கேட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் இரண்டு கையும் லேசாக மேலே எழுந்தன. தடவ யாரும் இல்லாததைக் கண்டு இறங்கின.

கமலவேணி உள்ளேயிருந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அவர் ரோட்டுத் திருப்பத்தில் மறைகிற வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினாள். கூட நடக்க அவர் விட மாட்டார் என்று தெரியும். விழுந்தால் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்றும் தெரியும். ஆகவே பின்னால், சற்றுத் தள்ளி.

ராமையாவுக்குச் சத்தம் கேட்டது. ஈரச் செம்மண்ணில் ஒரு செருப்பு ஒட்டி விடுபடுகிற சத்தம். அவர் திரும்பவில்லை. ஆனால் நடையைக் குறைத்தார். அவளும் குறைத்தாள். ஏற்றத்தில் அவர் நின்று மூச்சு வாங்கினார், அவளும் நின்றாள். அவர் கிளம்பினார், அவளும் கிளம்பினாள். இப்படியே ஏற்றத்தைக் கடந்து இறக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

இறக்கத்தில் கமலவேணியின் காலில் அட்டை ஏறிவிட்டது. ஒன்றல்ல, விரலிடுக்கெல்லாம். அவள் ரோட்டோரம் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். கூப்பிடவில்லை. அவளுக்கும் வீம்பு உண்டு.

ராமையா போய்க்கொண்டிருக்கிறார். காற்று மரங்களை உலுக்க, இலையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் சடசடவென்று கொட்டுகிறது. அந்தச் சத்தத்தில் செருப்புச் சத்தம் நின்றுபோனது அவருக்குத் தெரியவில்லை. அவள் பின்னால் வருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கால் இன்று நன்றாக ஒத்துழைக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ரோடு வளைகிறது. வளைந்துவிட்டால் அவள் கண்ணுக்கு அவர் தெரிய மாட்டார்.

நான் எழுதுகிறவன். என் குரல் அவர்களுக்குக் கேட்காது, பலமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் இவ்வளவு நேரமும் அவர்கள் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறீர்கள். அவர் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.